இரண்டு ஷாட்டுக்கு நடுவில்

கோல்ஃபில் 18 ஹோலையும், அதாவது 18 குழிகளையும், நடந்து ஆடி முடிக்க நான்கு மணி நேரமாவது ஆகும். அதில் பந்தை அடிக்கும் நேரத்தை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். ஒரு ஸ்விங் எடுத்து முடிக்க ஒன்றரை நொடி. 90 ஷாட் அடிப்பவருக்கு மொத்தமே இரண்டேகால் நிமிடம்தான். மீதி நேரம் முழுக்க நடக்கிறோம், காத்திருக்கிறோம், யோசிக்கிறோம். கிரிக்கெட்டிலும் ஷட்டிலிலும் பந்து நம்மை நோக்கி வருகிறது. கையும் காலும் தானாக வேலை செய்துவிடும், கவலைப்பட நேரம் கிடையாது. கோல்ஃபில் பந்து அசையாமல் கிடக்கிறது. நாம்தான் அதை நோக்கி நடந்து போகிறோம், போகிற வழியெல்லாம் போன ஷாட்டையும் வரப்போகிற ஷாட்டையும் மனதில் போட்டு உருட்டிக்கொண்டு.

இந்த ஆட்டத்துக்குப் பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கோபத்தை அடக்கிக்கொள்வதைத்தான் பலரும் பொறுமை என்கிறார்கள். பல வருடம் ஆடியதில் எனக்குப் புரிந்தது வேறு. அடக்கிய கோபம் நாலாவது ஹோலில் வராவிட்டால் பதினாலாவது ஹோலில் வந்தே தீரும். ஆனால் ஒரு ஷாட்டிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்ற கணக்கு சரியாக இருந்தால் பாதிக் கோபம் வரவே வராது. மீதிப் பாதிக்கு, இரண்டு ஷாட்டுக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தை என்ன செய்வது என்று தெரிந்திருந்தால் போதும்.

நான் கோயம்புத்தூர்க்காரன், சின்னதாக ஒரு ஃபவுண்டரி வைத்திருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் கோல்ஃப் கிளப்பைக் கையில் எடுத்தேன். ஆடுவது செட்டிபாளையம் மைதானத்தில். அங்கே எனக்கு பேக் தூக்கும் கேடி அண்ணன் சின்ன வயதிலிருந்து இதே வேலையில் இருப்பவர். பொறுமையைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அவரிடமிருந்து வந்தது. அவர் பாடம் எடுக்க மாட்டார். ஒரு ஷாட்டுக்கு முன்னால் ஒரு வார்த்தை, பின்னால் ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

முதலில் கணக்கைச் சொல்கிறேன்.

கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் 43 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு அடி தூரத்தில் பந்து நிற்கிறது என்றால் பார்க்க மிகப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். அது உள்ளே போகாவிட்டால் பெரிய தப்பு செய்துவிட்டதாக மனம் சுருங்கிவிடும். அமெரிக்காவின் பிஜிஏ டூரில் ஆடுகிறவர்கள், அதாவது இதையே தொழிலாகக் கொண்டு தினமும் மணிக்கணக்கில் பட்டிங் (குழியை நோக்கிப் பந்தை உருட்டி அடிப்பது) பழகுகிறவர்கள், எட்டு அடியிலிருந்து போடுவது ஏறக்குறைய பாதிதான். இருபது அடியிலிருந்து ஏழு பட்டுக்கு ஒன்று போனால் உண்டு. ஒரு ரவுண்டில் 18 கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பன்னிரண்டைத்தான் அவர்களால் உரிய ஷாட்டுக்குள், அதாவது பட்டிங்குக்கு இரண்டு ஷாட் மிச்சம் வைத்து, எட்ட முடிகிறது. ஹோலின் தொடக்க இடமான டீயிலிருந்து அடிக்கும் பந்துகளில் பத்துக்கு நாலு, நடுவில் சீராக வெட்டிய புல்பாதையான ஃபேர்வேயில் நிற்பதில்லை.

இந்த எண்களைத் தெரிந்துகொண்ட பிறகு கிரீனில் நிற்பதே எனக்கு மாறிப்போனது. எட்டு அடி பட் தவறினால் "சரி, உலகத்திலேயே நன்றாக ஆடுகிறவனுக்கும் இது பூவா தலையாதான்" என்று நகர்ந்துவிட முடிகிறது. கேடி அண்ணன் எந்தப் புள்ளிவிவரமும் பார்த்ததில்லை. ஆனால் நீளமான பட் வரும்போதெல்லாம் இதையேதான் சொல்வார். "குழிக்குப் பக்கத்துல கொண்டு போய் வெச்சா போதுங்க சார். உள்ள போனா சந்தோசம்." தூரத்தைச் சரியாகப் பார்த்து மெதுவாக உருட்டு, விழுவது அதன் கையில் என்று அர்த்தம். இப்படி நினைத்து அடிக்கும்போது கை இறுகுவதில்லை. கை இறுகாதபோது பந்து நேராக ஓடுகிறது. அதனால் உள்ளே போவதும் கூடத்தான் செய்கிறது.

அமெரிக்காவின் ஜாக் நிக்லஸ் 18 மேஜர் பட்டங்கள் (கோல்ஃபின் மிகப் பெரிய நான்கு போட்டிகள்தான் மேஜர்) வென்றவர், இன்றுவரை யாரும் அதைத் தாண்டவில்லை. அவர் இரண்டாவது இடத்தில் முடித்த மேஜர்கள் 19. வென்றதைவிடக் கைக்கு எட்டித் தவறியது அதிகம். இந்த ஆட்டத்தின் இயல்பே இதுதான் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

கணக்கின் இன்னொரு பகுதி ஹேண்டிகேப், அதாவது ஒருவரின் திறமைக்கேற்ப அவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ஷாட்டுகளின் எண். புதிதாக ஆட வருகிறவர்கள் இதை ஏதோ போட்டிக்கான விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை பொறுமை பழகுவதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. ஸ்கோர் கார்டில் பார் 4 என்று அச்சடித்திருக்கும், அந்த ஹோலை நாலு ஷாட்டில் முடிக்க வேண்டும் என்று அர்த்தம். அந்த நாலு யாருக்கு? ஹேண்டிகேப் பூஜ்யத்தில் ஆடுகிறவருக்கு. கோர்ஸ் ஹேண்டிகேப் (அந்த மைதானத்துக்கான ஹேண்டிகேப்) 18 உள்ளவருக்கு ஒவ்வொரு ஹோலிலும் ஒரு ஷாட் கூடுதலாக உண்டு. அவருக்கு அந்த ஹோல் பார் 5. ஐந்தில் முடித்துவிட்டு "போச்சே, போகி" (பாரைவிட ஒரு ஷாட் கூட) என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்கள் தங்களுடைய ஆட்டத்தை மிகச் சரியாக ஆடியிருக்கிறார்கள், ஆனால் அது அவர்களுக்கே தெரியவில்லை. நான் ஆட்டம் தொடங்கும் முன் கார்டில் ஒவ்வொரு ஹோலுக்கும் பக்கத்தில் பென்சிலால் என் பாரை எழுதிவிடுவேன். அன்றைய கணக்கெல்லாம் அந்த எண்ணோடுதான். கஷ்டமான நீள ஹோல் ஒன்றில் மூன்றாவது ஷாட்டில் கிரீனுக்கு வந்தால் போதும் என்று தெரிந்தால், இரண்டாவது ஷாட்டில் தூரம் போகும் வுட் கிளப்பை எடுத்து உயிரைக் கொடுத்து அடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

இன்னொன்றும் உண்டு. 2020ல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 ரவுண்டுகளில் மிக நல்ல 8 ரவுண்டுகளின் சராசரியை மட்டும் எடுக்கிறார்கள். மீதி 12 ரவுண்டு கணக்கிலேயே வராது. யோசித்துப் பாருங்கள். உங்கள் ஹேண்டிகேப் என்பது உங்களுடைய நல்ல நாட்களின் எண். சாதாரண நாளில் அதைவிட மூன்று நாலு ஷாட் கூட ஆகத்தான் செய்யும். அது சரிவு இல்லை. முறையே அப்படி வைத்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் "எனக்கு ஆட்டம் கெட்டுப்போச்சு" என்று கோச்சை மாற்றி, கிளப்பை மாற்றி, கடைசியில் ஆட்டத்தையே விட்டவர்கள் எனக்கு வேண்டியவர்களிலேயே உண்டு. அவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நல்ல நாள் எதிர்பார்ப்பைத் தினசரி எதிர்பார்ப்பாக வைத்துக்கொண்டதுதான் அவர்கள் பட்ட கஷ்டத்துக்கெல்லாம் காரணம்.

இனி எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடியில் கோவைக்குள் புகுந்து வீசும். அந்த நாட்களில் மேற்கே பார்த்து ஆடுகிற ஹோல் ஒவ்வொன்றும் வேறு ஹோலாக மாறிவிடும். குழியில் நட்ட கொடிக் கம்பு வளைந்து நிற்கும், தொப்பியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். வழக்கமாக 7 அயர்னில் போகிற பார் 3 ஒன்று. கேடி அண்ணன் அதைவிடத் தூரம் போகும் 5 அயர்னை நீட்டுவார். அதையும் முழுசாக அடிக்க விடமாட்டார். "முக்கால் ஸ்விங் போதுங்க. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், பந்து எம்மாத்திரம்?"

காற்றை எதிர்த்து ஓங்கி அடிப்பது மனித இயல்பு. எதிரே ஒருவன் தள்ளினால் நாமும் தள்ளுவோம். ஆனால் வேகமாக அடிக்க அடிக்கப் பந்து பின்னோக்கிச் சுழலும் வேகமும் கூடுகிறது. எதிர்க்காற்றில் அந்தச் சுழற்சி பந்தை மேலே தூக்கும். பலூன் மாதிரி எழும்பி, நின்று, நமக்கு முன்னாலேயே செங்குத்தாக விழும். பெரிய கிளப்பை எடுத்து, பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, பந்தைக் காலுக்கு நடுவிலிருந்து ஒரு விரற்கடை பின்னால் வைத்து, நிதானமாக அடித்தால் பந்து தாழ்வாகப் போய்க் காற்றுக்கு அடியில் நுழைந்துவிடும். எதிர்க்காற்றில் நிதானமாக அடித்தால்தான் தூரம் போகிறது என்பதை உடம்பு நம்ப வேண்டும். அதற்கு ஒரு சீசன் முழுக்க ஆனது எனக்கு. ஆடிக் காற்றில் ஆட மாட்டேன் என்று ஆவணி வரை வீட்டில் இருப்பவர்கள் உண்டு. நான் அந்த மாதத்தில்தான் அதிகம் போகிறேன். பொறுமை என்பது மனதில் மட்டும் இருக்கும் பொருளில்லை, கையிலும் தோளிலும் இருக்க வேண்டும் என்பதை அந்தக் காற்றைப் போல வேறு எதுவும் சொல்லித் தந்ததில்லை.

சரி, ஷாட்டுக்கு நடுவில் என்ன செய்வது?

நான் வைத்திருக்கும் எல்லை கிளப் பேக்கில் இறங்கும் சத்தம். பந்து எங்கே போய் விழுந்தது என்று கடைசி வரை பார்ப்பேன். நல்லதோ கெட்டதோ, கிளப்பைக் கையில் வைத்திருக்கும் வரை அந்த ஷாட்டைப் பற்றி நினைக்கலாம், ஏன் வலது பக்கம் போனது என்று யோசிக்கலாம், வருத்தப்படலாம். கிளப்பைத் துடைத்து பேக்கில் போட்டு அது 'டக்' என்று உட்கார்ந்ததும் அந்தப் பேச்சு முடிந்தது. இதைக் கேடி அண்ணனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கிளப் உள்ளே போன பிறகு அவரும் அதைப் பற்றிப் பேச மாட்டார். மகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார், மழை வருமா என்று பார்ப்பார், மயில் அகவுவதைக் கேட்டபடி நடப்போம். பந்துக்கு இருபது தப்படி இருக்கும்போதுதான் மறுபடி ஆட்டத்துக்குள் வருவோம். புல் எப்படிக் கிடக்கிறது, காற்று எந்தப் பக்கம், கொடி எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை.

நடக்கும்போது தலையைத் தொங்கப்போட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தால் மனமும் கீழேயே இழுத்துக்கொண்டு போகும். மர உச்சி உயரத்துக்குப் பார்வையை வைத்துக்கொண்டு நடங்கள். இதை நான் எங்கே படித்தேன் என்று ஞாபகம் இல்லை, ஆனால் செய்து பார்த்தவரை வேலை செய்கிறது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்துக்கொள்வதும் அப்படித்தான். பந்துக்குப் பின்னால் நின்று ஒரு நீண்ட மூச்சை முழுசாக வெளியே விட்டுவிட்டுத்தான் நான் அடிக்க நிற்பேன். தோள் தானாகவே இறங்கும்.

நேர்மறை எண்ணம் என்று சொல்வார்களே, அதைப் பற்றி எனக்கு ஒரு தெளிவான கருத்து உண்டு. "எல்லாம் நல்லதாகவே நடக்கும்" என்று நினைத்துக்கொள்வது கோல்ஃபில் உதவாது. அடுத்த ஷாட்டே அதைப் பொய்யாக்கிவிடும். உதவுவது, செய்யப் போவதைச் சொல்லிக்கொள்வது. முன்னால் தண்ணீர் இருக்கிறது. "தண்ணியில போயிடக் கூடாது" என்று நினைத்தால் மனதில் நிற்கும் படம் தண்ணீர்தான். உடம்புக்குக் 'கூடாது' என்ற சொல் புரிவதில்லை. கேடி அண்ணன் ஒரு தடவைகூட "தண்ணி இருக்கு, பாத்துங்க" என்று சொல்லிக் கேட்டதில்லை. தண்ணீருக்கு அப்பால் எதையாவது கையைக் காட்டுவார். "அந்த வேப்ப மரம் தெரியுதுங்களா, அதுல ரெண்டாவது கிளை. அங்க அடிங்க." கிரீன் என்றுகூடச் சொல்ல மாட்டார், கிளை என்பார். இலக்கு எவ்வளவு சின்னதோ அவ்வளவு தூரம் பயம் மறந்துபோகிறது. உங்கள் பக்கத்தில் ஆடுகிறவரிடமும் தண்ணீரை, ஓபியை (மைதான எல்லைக்கு வெளியே உள்ள பகுதி) சுட்டிக்காட்டாதீர்கள். அவர் கண்ணுக்கும் அது தெரியும்.

மரத்துக்குள் போன பந்துதான் பொறுமைக்கு உண்மையான சோதனை. இரண்டு மரத்துக்கு நடுவில் ஒரு சின்ன சந்து தெரியும், அதன் வழியே கொடியும் தெரியும். பத்தில் ஒரு முறை அடிக்க முடிகிற ஷாட் அது. அந்த ஒரு முறை கிடைத்த சந்தோஷத்தை வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்போம், மீதி ஒன்பது முறை மரத்தில் பட்டுத் திரும்பி வந்தது ஞாபகத்தில் நிற்காது. பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தட்டிவிட்டால் போவது ஒரே ஒரு ஷாட். விதிகளைத் தெரிந்துவைத்திருப்பதும் இங்கே பெரிய துணை. ஆட முடியாத இடத்தில் பந்து கிடந்தால், அதை ஆட முடியாதது என்று முடிவு செய்யும் உரிமை நமக்கு இருக்கிறது. ஒரு ஷாட் தண்டனையை ஏற்றுக்கொண்டு, குழிக்குப் பக்கமாகப் போகாமல் இரண்டு கிளப் நீளத்துக்குள் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் கொடிக்கும் பந்துக்கும் நேர்க்கோட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் பின்னால் போகலாம். அதுவும் வேண்டாம் என்றால் முன்பு அடித்த இடத்துக்கே திரும்பலாம். வழி இருக்கிறது என்று தெரிந்தால் பதற்றம் தன்னால் அடங்கும்.

1999ல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த, மேஜர்களில் ஒன்றான ஓபன் போட்டியை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. பிரான்ஸின் ஷான் வான் டி வெல்ட் கடைசி ஹோலுக்கு மூன்று ஷாட் முன்னிலையோடு வந்தார். அது பார் 4. ஆறு ஷாட்டில் முடித்தாலும் பட்டம் அவருக்கு. மிகத் தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரை எடுத்தார், பந்து வலது பக்கம் வெகுதூரம் விலகிப் போனாலும் தண்ணீரில் விழாமல் தப்பியது. இரண்டாவது ஷாட்டை 2 அயர்னால் கிரீனை நோக்கி அடித்தார். பந்து பார்வையாளர் மேடையின் கம்பியில் பட்டு, ஓடையின் கல்சுவரில் மோதி, பின்னால் வந்து ரஃப் எனும் அடர்ந்த உயரப் புல்லுக்குள் விழுந்தது. மூன்றாவது பேரி பர்ன் ஓடைக்குள். ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி நின்று பார்த்தார். அடிக்க முடியாது என்று தெரிந்து தண்டனை ஷாட்டோடு வெளியே எடுத்துப் போட்டார். அடுத்தது பங்கர் எனும் மணல் குழி. அதிலிருந்து வெளியே எடுத்து, ஏழாவது ஷாட்டில் முடித்தார். சமநிலையை முறிக்க நடந்த பிளேஆஃபில் பட்டம் பால் லாரிக்குப் போனது.

இந்தக் கதையை எல்லோரும் பேராசையின் கதையாகச் சொல்வார்கள். ஒரு வெட்ஜால் (குறைந்த தூரத்துக்கான கிளப்) தட்டியிருக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் வேறு இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, அத்தனையும் நடந்து, உலகமே பார்த்துக்கொண்டிருக்க, பங்கரிலிருந்து வெளியே வந்த பந்தைச் சில அடி தூரத்திலிருந்து அவர் உள்ளே போட்டார். அது தவறியிருந்தால் பிளேஆஃபே கிடையாது. அந்த பட்டின்போது ஓடையைப் பற்றி நினைத்திருந்தால் அது உள்ளே போயிருக்காது. தோற்றவர்தான், ஆனால் ஷாட்டுக்கு ஷாட் புதிதாகத் தொடங்கும் மனதை அந்த ஒரு பட்டில் பார்க்கலாம். இரண்டாவது, லாரி. கடைசி நாள் ஆட்டம் தொடங்கும்போது அவர் பத்து ஷாட் பின்னால் இருந்தார். 67 அடித்துவிட்டுக் காத்திருந்தார். அவ்வளவு பின்னால் இருக்கிறவன் ஒவ்வொரு ஷாட்டையும் ஏன் அக்கறையோடு அடிக்க வேண்டும்? அவர் அடித்தார்.

அதிதி அசோக்கை நினைத்தாலும் எனக்கு இதே உணர்வு. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்ஸ். உலகத் தரவரிசையில் 200வது இடத்தில் இருந்த பெங்களூருப் பெண், அம்மா கேடியாக பேக் தூக்க, நாலு நாளும் 67, 66, 68, 68 என்று ஆடினார். டீயிலிருந்து தூரமாக அடிக்கிறவர் இல்லை. தங்கம் வென்ற நெல்லி கோர்டா போன்றவர்கள் அவரைத் தாண்டி வெகு முன்னால் நிற்பார்கள். அவர்கள் சின்ன அயர்னால் கிரீனுக்கு அடிக்கும்போது இவர் பெரிய கிளப்பை எடுக்க வேண்டியிருந்தது. இன்னொருவரின் தூரத்தைத் துரத்தியிருந்தால் அன்றே எல்லாம் கலைந்திருக்கும். தன்னிடம் இருந்ததை வைத்து, கிரீனைச் சுற்றிய ஆட்டத்தையும் பட்டிங்கையும் நம்பி ஆடினார். ஒரு ஷாட் வித்தியாசத்தில் பதக்கம் போய் நாலாவது இடம். அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் கோல்ஃபே தெரியாத எத்தனையோ வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலும்தான். என் மனைவி முதல்முறையாக "பார் என்றால் என்ன?" என்று கேட்டது அன்றைக்குத்தான்.

பழகுவதிலும் பொறுமைக்கு ஒரு இடம் உண்டு. ஸ்விங்கில் ஒன்றை மாற்றினால் ஆட்டம் முதலில் மோசமாகத்தான் ஆகும். ஃபவுண்டரியில் உருக்கிய இரும்பை மோல்டில் ஊற்றிய பிறகு அது ஆறும் வரை கை வைக்க மாட்டோம். அவசரப்பட்டுப் பிரித்தால் காஸ்டிங் விரிசல் விடும். ஸ்விங்கும் அப்படித்தான் ஆற வேண்டும். நிக் ஃபால்டோ ஏற்கெனவே நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோது, பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரோடு சேர்ந்து தன் ஸ்விங்கை முழுக்கப் பிரித்துக் கட்டினார். இரண்டு வருடம் போல ஆட்டம் சரிவு. பிறகு 1987ல் மியூர்ஃபீல்டில் ஓபன் வென்றார். கடைசி நாள் 18 ஹோலிலும் பார், ஒரு பேர்டி (பாரைவிட ஒரு ஷாட் குறைவு) இல்லை, ஒரு போகி இல்லை. ஒரு ஷாட் வித்தியாசத்தில் வெற்றி. எனக்கு மிகப் பிடித்த ஸ்கோர் கார்டு அது.

பயிற்சி இடமான ரேஞ்சில் ஒரு கூடைப் பந்தையும் டிரைவரால் சடசடவென்று அடித்துத் தீர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாதிக் கூடை போதும். ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பை மாற்றுங்கள், இலக்கை மாற்றுங்கள், மைதானத்தில் செய்வதுபோலப் பின்னால் நின்று மூச்சை விட்டுவிட்டு அடிங்கள். முடித்த பிறகு மூன்று அடியிலிருந்து பட் போட்டுப் பழகுங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்று நன்றாக அமைந்த மூன்று ஷாட்டை ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். எந்த ஹோல், எந்தக் கிளப், அடிக்கும் முன் என்ன நினைத்தேன், அவ்வளவுதான். கெட்ட ஷாட்டை யாரும் எழுதி வைக்க வேண்டியதில்லை, அது தன்னால் ஞாபகத்தில் நிற்கும். நல்லதைத்தான் நாம் பிடித்து வைக்க வேண்டும். ஆட்டம் சரியில்லாத வாரங்களில் அந்த நோட்டைப் புரட்டுவேன். அதில் இருப்பது எல்லாம் நான் அடித்ததுதானே.

பலர் கவனிக்காத ஒன்று, உடம்பு. பதின்மூன்று, பதினாலாவது ஹோலில் பொறுமை போனதுபோலத் தெரிவது பல நேரம் தாகம், இல்லையென்றால் பசி. காலை ஆறு மணிக்குத் தொடங்கினாலும் ஒன்பதரைக்கெல்லாம் நம் ஊர் வெயில் உச்சந்தலையில் ஏறிவிடும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் இரண்டு ஹோலுக்கு ஒரு முறை தண்ணீர் குடியுங்கள். நான் உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டிலும் கடலை மிட்டாயும் எடுத்துப் போவேன். கேடிக்கும் சேர்த்து. பேக் தூக்குகிறவர் நம்மைவிட அதிகம் களைத்திருப்பார் என்பதை மறந்துவிடுகிறோம். நம்முடைய மோசமான ஷாட்டுக்கு அவர் மேல் எரிந்து விழுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. அவர் சொன்ன தூரம் தப்பாகவே இருந்தாலும் கிளப்பை எடுத்தது நாம்தான்.

முன்னால் ஆடுகிற குழு மெதுவாகப் போனால் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். காத்திருக்கும்போது அடிக்க நின்றுகொண்டே காத்திருக்காதீர்கள். கிளப்பை பேக்கில் வைத்துவிட்டு நிழலுக்குப் போங்கள், பேசுங்கள், உட்கார இடம் இருந்தால் உட்காருங்கள். முறை வரும்போது புதிதாக எழுந்து வாருங்கள். நாமும் அடுத்தவர் பொறுமையைச் சோதிக்கக் கூடாது. 2019ல் மாற்றிய விதிகளின்படி தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான். முன்பு ஐந்து. தடையில்லாமல் அடிக்க முடியும் என்ற நிலை வந்த பிறகு ஒரு ஷாட்டுக்கு 40 நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதும் அதே விதிகளின் பரிந்துரை. நிதானம் வேறு, தாமதம் வேறு. மற்றவர் அடிக்கும்போதே நம் தூரத்தையும் காற்றையும் பார்த்து வைத்துவிட்டால், நம் முறை வரும்போது அவசரமே இருக்காது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முன்னால் இருக்கும் டீயிலிருந்து ஆடுங்கள். அதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. நீளம் குறைந்த மைதானத்தில் கிரீனை எட்டும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்கும். எட்டினால்தான் பட்டிங்கின் சுவை தெரியும், அது தெரிந்தால்தான் மறுபடி வருவீர்கள். 18 ஆட நேரமில்லை என்றால் 9 ஆடுங்கள். ஒன்பது ஹோல் ஸ்கோரும் ஹேண்டிகேப் கணக்குக்குச் செல்லும். நான் வாரநாட்களில் ஃபவுண்டரிக்குப் போகும் முன் ஆடுவது பெரும்பாலும் ஒன்பதுதான். எட்டரைக்குக் கேடி அண்ணனோடு கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.